ஹைபிரிட் கார் பெற்றோல் குடிக்கிறதா? பற்றரியில் கை வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. இந்த இடைவெளியில் நம்மிடம் ஏற்கெனவே இருந்த டொயோட்டா அக்குவா, பிரியஸ், அக்சியோ, ஹொண்டா ஃபிட், வெசல் எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது, பல கார்கள் பத்து வருடத்தைத் தாண்டிவிட்டன. அப்படியொரு காரோடு கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது கிட்டத்தட்ட ஒரே வசனம்: "அண்ணை, முந்தி லீற்றருக்கு 22 ஓடினது, இப்ப 16 கூட வருதில்லை, பற்றரி போட்டுதோ?"

பெரும்பாலும் போயிருக்காது. ரயரில் காற்றுக் குறைவு, பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக், தவறான ஓயில், யாரோ கழற்றி எறிந்த தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கு ஏற்பக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) என்று பற்றரிக்கு முன்னால் ஒரு வரிசையே இருக்கிறது. அவற்றைப் பார்க்காமல் நேரே பற்றரியை மாற்றி, பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் அதே 16 இல் ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால் காசு குறைந்த காரணத்திலிருந்து கூடிய காரணத்துக்குப் போகும் விதமாக, அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் காரில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும். செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் அதில் கை வைக்காதீர்கள். அக்குவா பற்றரி 144 வோல்ட், பிரியஸ் பற்றரி 201.6 வோல்ட், இன்வேர்ட்டருக்குள் (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) போனதும் அது இன்னும் பல மடங்கு ஏறும். தெரிந்தவர்களே பற்றரி இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். கீழே நீங்களே செய்யலாம் என்று சொல்லும் எதற்கும் அந்த வயர்ப் பக்கம் போகத் தேவையில்லை.

## முதலில் உண்மையான மைலேஜை அளந்துகொள்ளுங்கள்

டாஷ்போர்டில் காட்டுகிற கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அது பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டும். பம்ப் தானாக வெட்டும் வரை தாங்கியை நிரப்புங்கள், ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள், வழமை போல ஓடுங்கள், தாங்கி பாதிக்குக் கீழே இறங்கியதும் அதே பெற்றோல் செட்டில் மறுபடி வெட்டும் வரை அடியுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் வகுத்தால் வருவதுதான் கணக்கு. இதை இரண்டு மூன்று தாங்கிக்குச் செய்தால்தான் நம்பலாம், ஒரு தாங்கியை வைத்துப் பதற வேண்டாம்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். அக்குவா 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது அங்குள்ள ஜேசி08 சோதனைப்படி லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள். காரை வாங்கும்போது விற்பவர் காட்டியதும் அந்த இலக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதே கார் பிரியஸ் சி என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்குள்ள அரசு மதிப்பீடு ஒரு கலனுக்கு 50 மைல், அதாவது லீற்றருக்கு 21 கிலோமீற்றர் சொச்சம். நம் வீதிக்கு இந்த இரண்டாவது இலக்கம்தான் கிட்ட வருகிறது. அந்த மதிப்பீட்டிலேயே நகரத்துக்கு 53, நெடுஞ்சாலைக்கு 46 என்றுதான் இருந்தது. பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் ஹைபிரிட் காசை மிச்சப்படுத்துகிறது, ஒரே வேகத்தில் 100 இல் போகும் நெடுஞ்சாலையில் இல்லை. எனவே தெற்கு அதிவேகப் பாதையில் மைலேஜ் இறங்குகிறது என்பது பழுது ஆகாது.

அக்குவா கலந்த ஓட்டத்தில் 19, 20க்கு மேல் தந்தால் காரை நிம்மதியாக விடுங்கள். அதற்குக் கீழே என்றால் தொடருங்கள்.

## அறிகுறி 1: விளக்கு எதுவும் எரியவில்லை, மைலேஜ் மட்டும் மெல்ல மெல்ல இறங்குகிறது

இதுதான் அதிகம் வருவது, இதில்தான் பற்றரி மேல் அநியாயமாகப் பழி விழுவதும்.

உங்கள் ஓட்டம் மாறியதா? இதற்குச் செலவே இல்லை, அதனால் முதலில் வைக்கிறேன். முந்தி தினமும் ஒரே மூச்சில் 25 கிலோமீற்றர் போய் வந்த கார் இப்போது பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக, ரியூஷனுக்குக் கொண்டுபோக என்று இரண்டு இரண்டு கிலோமீற்றராக ஓடினால் 14, 15 தான் வரும். குளிர்ந்த எஞ்சின் தன்னையும் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் சூடாக்குவதற்காக முதல் சில நிமிடங்களுக்கு நீங்கள் நின்றாலும் ஓடினாலும் இயங்கும். ஒவ்வொரு சின்ன ஓட்டத்திலும் அந்தச் செலவை மறுபடி மறுபடி கட்டுகிறீர்கள். வேலைகளை ஒரே சுற்றில் முடித்துப் பாருங்கள், வேறு ஒன்றும் செய்யாமலே வித்தியாசம் தெரியும்.

ரயர். காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஜப்பான் கார்களில் அது கிலோபாஸ்கலில் போட்டிருப்பார்கள், 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பிஎஸ்ஐ, ஆகவே 220 என்று இருந்தால் 32 பிஎஸ்ஐ. காலையில் கார் ஓடுவதற்கு முன், ரயர் குளிராக இருக்கும்போது அளக்க வேண்டும். காற்றடிக்கும் இடத்தில் பையன் கேட்காமலே எல்லாக் காருக்கும் 28 அடிப்பான், நீங்கள் சொல்லித்தான் அடிப்பிக்க வேண்டும். ரயரே மாற்றியிருந்தால் அளவைப் பாருங்கள். அகலமான ரயரும் பெரிய அலாய் ரிம்மும் வடிவாக இருக்கும், ஆனால் உருட்டுவதற்குக் கூடுதல் சக்தி வேண்டும். விலை குறைவு என்று போட்ட கடினமான ரயரிலும் இதே கதைதான். ரயர் மாற்றிய மாதத்திலிருந்து மைலேஜ் இறங்கியது என்றால் இதற்கு மேல் தேடத் தேவையில்லை.

பிரேக் பிடித்துக்கொண்டு நிற்பது. சாதாரண காரை விட ஹைபிரிட்டில் இது கூடுதலாக வருகிறது. நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது பெரும்பாலான வேலையை மோட்டர் செய்துவிடுகிறது, பிரேக் பாட்டுக்கும் அதை அழுத்தும் கலிப்பருக்கும் வேலையே இல்லை. பத்து வருடமாகப் பாட் தேயவில்லை என்று சந்தோஷப்படுகிறோம், ஆனால் அதே பத்து வருடமும் கலிப்பர் வழுக்கி ஓட வேண்டிய பின்கள் அசையாமல் துருப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, கல்முனை என்று உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் இன்னும் மோசம்.

பார்க்கும் விதம்: பத்துக் கிலோமீற்றர் அளவு, கடுமையாகப் பிரேக் பிடிக்காமல் ஓடிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிம்முக்கும் கிட்டே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டையும் ஒன்றோடொன்று, பின் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரம்தான். பின்னால் இரண்டுமே சூடு என்றால் ஹாண்ட் பிரேக் முழுதாக விடவில்லை. கலிப்பர் கழற்றிப் பின்களைத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூசுவது ஒரு மணி நேர வேலை, செலவும் பெரிதில்லை. ஆனால் பிரேக் என்பதால் பழக்கம் இல்லாதவர்கள் வீட்டில் கழற்ற வேண்டாம். ஹைபிரிட் என்று சொல்லிவிட்டுத்தான் கராஜில் கொடுங்கள், ஏனென்றால் சில மாதிரிகளில் கார் நின்றிருக்கும்போதே, கதவைத் திறந்தால் கூடப் பிரேக் பம்ப் தானாக வேலை செய்யும்.

ஓயில். அக்குவாவுக்கும் பிரியஸுக்கும் 0டபிள்யூ-20. நம் ஊர்ச் சேர்விஸ் இடங்களில் "இந்த வெயிலுக்குத் தடிப்பான ஓயில்தான் நல்லது" என்று 10டபிள்யூ-30, சில இடங்களில் 20டபிள்யூ-50 கூட ஊற்றிவிடுகிறார்கள். ஒரு ஓட்டத்தில் எத்தனையோ தரம் நின்று நின்று எழும்பும் எஞ்சினுக்குத் தடித்த ஓயில் ஒவ்வொரு முறையும் இழுவை. அளவையும் பாருங்கள், டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நிரப்பியிருந்தாலும் மைலேஜ் குறையும்.

காற்று வடி (ஏர் ஃபில்டர்). கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் வராவிட்டால் மாற்றுங்கள். அதற்குப் பிறகு இருக்கும் காற்று அளக்கும் சென்சரை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் துடைக்கலாம்.

95 ஒக்டேன் அடித்தால் மைலேஜ் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கார்கள் ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை, அங்குள்ள சாதாரணப் பெற்றோலின் ஒக்டேன் தரம் நம் 92ஐ விடக் குறைவாகவே தொடங்குகிறது. 92 போதும். அந்தக் காசை ஓயிலுக்குப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்து, வீல் எலைன்மென்டும் செய்து, இரண்டு தாங்கி ஓடிய பிறகும் எழும்பவில்லை என்றால்தான் காரின் கம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கானர் உள்ள கராஜ்.

## அறிகுறி 2: சிக்னலில் நின்றாலும் எஞ்சின் நிற்பதே இல்லை

நல்ல ஹைபிரிட்டில் எஞ்சின் சூடான பிறகு, நின்ற இடத்தில் அமைதி வர வேண்டும். வராவிட்டால் இந்த ஒழுங்கில் போங்கள்.

கியர் எங்கே இருக்கிறது? பி (B, பார்க் அல்ல) என்ற நிலை மலையிறக்கத்துக்கு. ஹப்புத்தளை, எல்ல பக்கம் இறங்கும்போது அதில் போட வேண்டும், பிறகு டி-க்குத் திரும்ப வேண்டும். பற்றரி சார்ஜ் ஆகும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நாள் முழுக்க பி-யில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எஞ்சின் தேவையில்லாமல் சுழலும்.

இன்னொரு பக்கம், நெரிசலில் நியூட்ரலில் போட்டு வைப்பதும் கூடாது. நியூட்ரலில் ஹைபிரிட் பற்றரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். பற்றரி கீழே போனதும், டி-யில் போட்ட பிறகு அதை நிரப்ப எஞ்சின் நீண்ட நேரம் உறுமும். நிற்க வேண்டுமென்றால் டி-யில் பிரேக்கை மிதியுங்கள், அதிக நேரம் என்றால் பார்க்.

ஏசி எத்தனையில்? வெப்பநிலையைக் கூட்டிச் சூட்டுப் பக்கம் திருப்பியிருந்தால், காருக்குள் சூடு கொடுக்க எஞ்சின் ஓடும். நுவரெலியா போய் வந்தவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

இது மூன்றும் இல்லை என்றால் தேர்மோஸ்டாட்டை சந்தேகியுங்கள். நம் பக்கத்தில் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது, எஞ்சின் சூடேறுகிறது என்று போனால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் காரைக் கையில் கொடுப்பார்கள். பழைய டீசல் வானுக்கு அது என்ன செய்ததோ தெரியாது, ஹைபிரிட்டுக்கு அது நஞ்சு. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் (கூலன்ட்) கிட்டத்தட்ட 70 பாகை தாண்டினால்தான் எஞ்சினை நிற்பாட்டலாம் என்று கம்பியூட்டர் நினைக்கும். தேர்மோஸ்டாட் இல்லாமல், அல்லது அது திறந்தபடி சிக்கிக்கொண்டால், அந்தச் சூடு வர நீண்ட நேரம் எடுக்கும், நல்ல வேகத்தில் போகும்போது ரேடியேற்றர் அதை மறுபடி குளிர்த்திவிடும், எஞ்சின் நிற்காது.

பார்ப்பதற்கு ஒரு ஓபிடி2 புளூடூத் கருவி வாங்குங்கள், ஸ்டியரிங்குக்குக் கீழே செருகுவது. போனில் ஹைபிரிட் அசிஸ்டன்ட் அல்லது டொக்டர் பிரியஸ் செயலி போடுங்கள். பத்து நிமிடம் ஓடியும் கூலன்ட் சூடு 80ஐத் தொடாமல் 60, 65 இல் ஏறி இறங்கினால் தேர்மோஸ்டாட்தான். சில வேளை பி0128 (P0128) என்ற பழுதுக் கோடும், அதாவது கம்பியூட்டர் பதிந்து வைக்கும் பழுது இலக்கமும், விழுந்திருக்கும். பொருளும் மலிவு, வேலையும் சிறிது. மாற்றும்போது பச்சைத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், டொயோட்டாவுக்குரிய இளஞ்சிவப்புக் கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ் போகும்படி செய்ய வேண்டும்.

கூலன்ட் சூடு சரி, கியர் சரி, ஏசி சரி, அப்படியும் எஞ்சின் நிற்கவில்லை என்றால் பற்றரிப் பக்கம் போகலாம். அறிகுறி 4.

## அறிகுறி 3: ஏசி போட்டால் மைலேஜ் விழுகிறது, குளிரும் போதவில்லை

காபின் ஃபில்டர், முன்னால் உள்ள கொண்டென்சரில் அடைத்த தூசி, இரண்டையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவினாலே பல கார்களில் குளிர் திரும்பும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓடிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுங்கள்.

காஸ் அடிக்க வேண்டி வந்தால் இந்த ஒரு பந்தியை ஏசிக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் ஏசி காஸை அழுத்தும் கொம்பிரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்குள் போகும் ஓயில் மின்சாரத்தைக் கடத்தாத என்டி-11 வகை. சாதாரண காருக்கு ஊற்றும் பிஏஜி ஓயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்புக் கெட்டு, பி0ஏஏ6 என்ற பழுதுக் கோடு விழுந்து, கார் ரெடி நிலைக்கே (ஓடத் தயார் என்று டாஷ்போர்டில் READY காட்டும் நிலை) வராமல் போகலாம். பிறகு கொம்பிரசரை மாற்றி, குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டி வரும். எல்லாக் காருக்கும் ஒரே மெஷினால் காஸ் அடிக்கும் இடத்துக்கு ஹைபிரிட்டைக் கொண்டுபோகாதீர்கள். கசிவை அடைக்கும் மருந்து என்று எதையும் உள்ளே விடவும் வேண்டாம்.

## அறிகுறி 4: பற்றரிக் கோடுகள் திடீரென ஏறி இறங்குகின்றன, பின்னால் ஃபான் சத்தம்

டாஷ்போர்டில் உள்ள பற்றரிப் படத்தில் எட்டுக் கோடு. அது எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று இல்லை, கம்பியூட்டர் ஏறத்தாழ 60 வீதத்தில் வைத்திருக்கத்தான் பார்க்கும், ஐந்து ஆறு கோடு என்பது ஆரோக்கியம். ஆனால் ஒரு சின்ன ஏற்றத்தில் ஆறிலிருந்து இரண்டுக்கு விழுந்து, அடுத்த சில நிமிடங்களில் எட்டுக்குப் போய், மறுபடி விழுந்தால் பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. அப்போதும் உடனே மாற்ற ஓட வேண்டாம்.

காற்றுத் துளை. பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு வலைத் துளை இருக்கும், அதன் வழியாகத்தான் பற்றரி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துக் குளிர்கிறது. சீற் கவர், பை, தலையணை, பிள்ளைகளின் சப்பாத்து எதுவும் அதை மறைக்கக் கூடாது. சில மாதிரிகளில் துளைக்குள் ஒரு வடி இருக்கும், அதைக் கழற்றி ஊதலாம். இல்லாத மாதிரிகளில் தூசியும் நாய் மயிரும் நேரே ஃபான் இறக்கையில் போய்ப் படியும். செம்மண் வீதியில் ஓடும் கார்களில் கழற்றிய ஃபானைப் பார்த்தால் இறக்கையே தெரியாது. அதைக் கழற்றுவது பற்றரிக்குப் பக்கத்தில் கை வைக்கும் வேலை, தெரிந்தவரிடம் கொடுங்கள், செலவு சிறிதுதான். பி0ஏ82 என்ற பழுதுக் கோடு வந்தால் இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

சூடுதான் இந்தப் பற்றரியின் எதிரி. செயலியில் பற்றரிச் சூடு 45 பாகையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் ஏதோ அடைத்திருக்கிறது. மைலேஜுக்காக ஏசி போடாமல், கண்ணாடியைத் திறந்து வெயிலில் ஓடுவது பற்றரியைத்தான் தின்கிறது. ஏசியைப் போட்டு ஓடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்தது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் நின்றபோது பல பற்றரிகள் இப்படித்தான் சமநிலை இழந்தன. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வந்து ஓடுவதற்காக வாங்கி வைத்திருக்கும் கார்களிலும் இதே பிரச்சினை. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ரெடியில் போட்டு ஓட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வெறுமனே இக்னிஷனைப் போட்டு வானொலி கேட்டால் சின்ன 12 வோல்ட் பற்றரியும் சேர்ந்து இறங்கும்.

இணைப்புத் தகடுகள். பற்றரிக்குள் மொடியூல்களை (செல்கள் அடங்கிய சிறு பெட்டிகளை) இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைப் பாசி போலத் துரு ஏறும். சில கார்களில் இதைத் துடைத்து அல்லது தகடுகளை மட்டும் மாற்றியதிலேயே பி0ஏ80 என்ற பழுதுக் கோடு போய்விடுகிறது. ஆகவே அந்தக் கோடு விழுந்ததும் "பற்றரி முடிந்தது" என்று ஸ்கானரை மட்டும் பார்த்துச் சொல்லும் இடத்தில், திறந்து தகட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மொடியூல். நம் ஆட்கள் செல் என்று சொல்வது இதைத்தான். ஒரு மொடியூலுக்குள் 1.2 வோல்ட் செல் ஆறு, மொத்தம் 7.2. அக்குவாவில் அப்படி 20, மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28, அதைக் கம்பியூட்டர் இரண்டிரண்டாக 14 புளொக்காகப் பார்க்கும். வெறுமையான நேர் வீதியில், பக்கத்தில் இருப்பவர் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல வேகமெடுத்துப் பிறகு பிரேக் பிடியுங்கள். அதி கூடிய புளொக்குக்கும் அதி குறைந்த புளொக்குக்கும் உள்ள வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் என்றால் நான் அந்தப் பற்றரியைத் தொட மாட்டேன். அரை வோல்ட் தாண்டினால் வயதாகிறது, கவனித்துக்கொண்டு ஓடுங்கள். எப்போதும் ஒரே புளொக், ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுகிறது என்றால் அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது. இனி நீங்களே வீட்டில் பார்க்கக் கூடிய வேலை முடிந்தது.

## அறிகுறி 5: சிவப்பு முக்கோணம், ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார் என்ற செய்தி

பயப்படாமல் ஓரத்தில் நிறுத்துங்கள். பழுதுக் கோட்டை வாசிக்காமல் அழிக்க விடாதீர்கள், அழித்தால் கண்டுபிடிக்க உதவும் தகவல் போய்விடும்.

பி0ஏ80 என்றால் மேலே அறிகுறி 4க்குப் போங்கள். பி0ஏ93 என்றால் பற்றரி இல்லை, இன்வேர்ட்டர் குளிரவில்லை. இன்வேர்ட்டருக்குத் தனியான கூலன்ட் டப்பா, தனியான சின்ன மின்பம்ப். கார் குளிராக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து, ரெடியில் போட்டு, உள்ளே கூலன்ட் அசைகிறதா என்று பாருங்கள். அசையாமல் நின்றால் பம்ப் போய்விட்டது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் இது பேர்போன நோய். பம்ப் மலிவு, இன்வேர்ட்டர் மலிவில்லை, ஆகவே அந்தச் செய்தியோடு "வீடு மட்டும் போய்விடலாம்" என்று ஓடாமல் லொறியில் ஏற்றுங்கள்.

பி0ஏஏ6 என்றால் எங்கோ உயர் வோல்ட் கசிகிறது. நீங்கள் எதையும் தொடாமல், ஹைபிரிட்டுக்கென்று பயிற்சி எடுத்தவரை நேரே கூப்பிட வேண்டிய இடம் இது.

## அறிகுறி 6: காலையில் ஸ்டார்ட் ஆகும்போது கார் உதறுகிறது

சில வினாடி பலமாக நடுங்கி, பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும். அதனாலேயே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத அறிகுறி இது.

மலிவானது ஸ்பார்க் பிளக், லட்சம் கிலோமீற்றர் தாண்டியும் மாற்றவில்லை என்றால் மாற்றுங்கள். அடுத்தது எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்டேக் மனிஃபோல்டிலும், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் பாதையிலும் அடைத்த கரி, பி0401 கோடு இதைத்தான் சொல்லும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஈஜிஆர் கூலரே கல்லாக அடைபடும். கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை, ஆனால் அதைச் செய்யாமல் விட்ட கார்களில் அடுத்ததாகப் போவது எஞ்சின் தலைக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கட், அங்கே செலவு ஒரேயடியாக ஏறும்.

ஹெட் கஸ்கட் போயிருந்தால் கூலன்ட் டப்பாவில் வெளிக் கசிவே இல்லாமல் அளவு குறைந்துகொண்டு போகும், காலையில் வெள்ளைப் புகை வரும். டப்பாவில் பேனையால் ஒரு கோடு போட்டு, எஞ்சின் குளிராக இருக்கும்போது வாரம் ஒருமுறை பாருங்கள். குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே ஓடாமல், இரவு முழுக்கப் பிரெஷர் வைத்துப் பார்த்து, பிளக் துளை வழியாகக் கமரா விட்டுப் பார்க்கக் கூடிய கராஜுக்குப் போங்கள்.

## அறிகுறி 7: ரெடி வருவதில்லை, டாஷ்போர்ட் மினுங்குகிறது

பத்துக்கு ஒன்பது இது சின்ன 12 வோல்ட் பற்றரி. அக்குவாவில் பின் சீற்றுக்குக் கீழே, பிரியஸில் டிக்கிக்குள் வலப் பக்கம். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீற்றர் வைத்தால் 12.4க்கு மேல் இருக்க வேண்டும், 12க்குக் கீழே என்றால் ஆயுள் முடிகிறது. ரெடியில் 14 அளவில் வரவேண்டும். அலாரம், டாஷ் கமரா போன்றவை இரவில் இழுக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்தப் பற்றரி தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத விளக்குகள் எல்லாம் எரியும், அதை வைத்துப் பெரிய பற்றரிக்கு விலை பேசுகிறவர்களும் உண்டு.

மாற்றும்போது சாதாரண கார்ப் பற்றரி போட வேண்டாம். இது நீங்கள் இருக்கும் காபினுக்குள் இருப்பது, வாயு வெளியே போகக் குழாய் பூட்டக் கூடிய வகைதான் வேண்டும். ஜம்ப் கொடுக்கும்போது நேர், மறை மாறினால் ஃபியூஸோடு நிற்காது, இன்வேர்ட்டர் வரை போகலாம்.

## அறிகுறி 8: பிரேக்கைத் தொடாமலே முன்னால் பம்ப் அடிக்கடி உறுமுகிறது

கதவைத் திறக்கும்போது ஒரு தரம் உறுமுவது இயல்பு. சில வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப உறுமினால், அல்லது சி1391, சி1256 கோடு விழுந்தால், பிரேக் பம்ப் அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாமல் இருக்கிறது. இது பெரிய செலவு, ஆனால் தள்ளிப்போட முடியாத செலவு. காரை ஓட்டாதீர்கள்.

## ஹொண்டாவும் வகன் ஆரும்

ஃபிட் ஜிபி5, வெசல் கார்களில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச். நெரிசலில் உதறல், கியர்பெட்டி சூடு என்ற எச்சரிக்கை என்றால் முதலில் ஓட்டும் விதம்: அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டாம், முன்னால் இடம் விட்டு, இடம் வந்ததும் ஒரே தரத்தில் நகருங்கள். அடுத்தது கியர் ஓயில். 2013, 2014 காலத்தில் இந்தக் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ஜப்பானில் பல தரம் திரும்ப அழைத்துத் திருத்தினார்கள், உங்கள் செசி இலக்கத்துக்கு அது செய்யப்பட்டதா என்று ஹொண்டாவின் ஜப்பான் இணையப் பக்கத்தில் தேடலாம். கிளச்சுக்கு மேல் போனால் இந்தப் பெட்டியைப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். பற்றரி லித்தியம், டொயோட்டா போல மொடியூல் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

சுசுக்கி வகன் ஆர் மைல்ட் ஹைபிரிட்டில் (மோட்டர் எஞ்சினுக்குச் சிறிது உதவி மட்டும் செய்யும் வகை) எஞ்சின் நிற்கவில்லை, மைலேஜ் இல்லை என்றால் முன்னால் உள்ள ஈயப் பற்றரியைத்தான் முதலில் பாருங்கள். நின்று எழும்பும் கார்களுக்கென்று செய்த பற்றரி வேண்டும், சாதாரணமானதைப் போட்டால் அது வேலையைச் செய்யாது. பிறகு பெல்ட்.

## பற்றரி மாற்றியே ஆகவேண்டும் என்றால்

மூன்று வழி. செத்த மொடியூலை மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் மற்றவையும் அதே வயது, சில மாதத்தில் அடுத்தது விழும். காரை விற்கப் போகிறேன், அதுவரை ஓடினால் போதும் என்பவர்களுக்கு இது பொருந்தும், ஆனால் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜப்பானில் விபத்துப்பட்ட காரிலிருந்து வந்த பாவித்த பற்றரி இரண்டாவது, அதை வாங்குவதற்கு முன் உங்கள் காரில் பூட்டி, ஓட்டி, புளொக் வித்தியாசத்தைச் செயலியில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மூன்றாவது முழுவதும் புதியது. காரை இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எதைச் செய்தாலும், ஃபானைக் கழற்றிச் சுத்தம் செய்வதையும் இணைப்புத் தகடுகளை மாற்றுவதையும் அதே கூலிக்குள் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்தில் மாதத்தோடு கிலோமீற்றரும் இருக்கட்டும். காரை எடுத்த அன்றே தாங்கியை நிரப்பி ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, மூன்று தாங்கிக்குக் கணக்கு எழுதுங்கள். அப்போதும் 16 தான் என்றால், உத்தரவாதம் முடிவதற்குள் அந்தத் தாளோடு அதே கராஜுக்குத் திரும்பிப் போய், ரயரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள்.